ஆர்செனல் அனுப்பிய இரண்டு விண்ணப்பங்கள்

2015 ஜனவரி. ஸ்பெயினின் வில்லாரியல் அணியிலிருந்து பிரேசில்காரரான தடுப்பாட்டக்காரர் கேப்ரியல் பவுலிஸ்டாவை வாங்க லண்டன் ஆர்செனல் பேசி முடித்திருந்தது. ஆனால் அவர் பிரேசில் தேசிய அணிக்கு ஓர் ஆட்டமும் ஆடாதவர். விதிப்படி பிரிட்டனில் வேலை அனுமதி கிடைப்பது கடினம். ரசிகர்கள் தவித்துக் காத்திருந்தார்கள். விதிவிலக்காக அனுமதி வந்தது. 28ஆம் தேதி அணியில் சேர்ந்தார்.

இதே ஆர்செனல் 1930ல் ஆஸ்திரியக் கோல்கீப்பர் ரூடி ஹைடனை அழைத்தது. உள்ளூர் ஆட்டக்காரரின் பிழைப்பு போகும் என்று எதிர்ப்பு எழ, அரசு அனுமதி மறுத்துவிட்டது. பிறகு பாரிஸ் சென்ற ஹைடன் பிரெஞ்சுக் குடிமகனாகி, 1940ல் பிரான்சு அணிக்கே கோல் காத்தார். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதில் சிறு பெருமை.

காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விதி வேண்டும்தான், ஆளின் திறமையைப் பார்த்து முடிவெடுக்கவும் அதில் இடம் வேண்டும்.