டாலெக்கின் தொண்டை

லண்டனில் வளரும் பிள்ளைகள் குரலைத் தட்டையாக்கி, அசையசையாக வெட்டி மிரட்டினால் அது டாலெக். 1963 டிசம்பரில் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் அறிமுகமான, உலோகக் கூட்டுக்குள் வாழும் உயிரிகள். அவற்றின் உருவத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் குரல் வந்த வழி பெரிதாகப்படுகிறது. அது தொலைபேசித் துறையிலிருந்து வந்தது.

ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்ப, ஒவ்வொரு குரலையும் வெவ்வேறு உயர் அதிர்வெண்ணுக்கு ஏற்றி மறுமுனையில் இறக்குவார்கள். அதற்கு உதவிய சுற்றுகளில் ஒன்று ரிங் மாடுலேட்டர்: வளையமாகக் கோர்த்த நான்கு டயோடுகள். அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் கோவன் 1935இல் காப்புரிமை பெற்றார். குரல் கெடாமல் போய்ச்சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

மெய்டா வேலில் இருந்த பிபிசி ரேடியோஃபோனிக் பட்டறையில் பிரையன் ஹாட்ஜ்சன் அதே சுற்றில் குரலைச் சுமார் 30 ஹேர்ட்ஸ் அலையோடு பெருக்கினார். இறக்கவில்லை, பாதி வழியில் விட்டுவிட்டார் எனலாம். 200 ஹேர்ட்ஸ் ஒலி உள்ளே போனால் 170, 230 என்ற இரண்டு வெளியே வரும், 200 மறைந்துவிடும். மனிதக் குரலின் இழைகள் ஒன்றின் மடங்குகளாக ஒழுங்காக நிற்பவை. அந்த ஒழுங்கு குலைந்ததும் தொண்டை உலோகமாகிவிடுகிறது.

(சிற்றலையில் தமிழோசை கேட்டவர்களுக்கு, ஊர்தி அலை தேயும்போது செய்தி வாசிப்பவரின் குரல் தகரமாகிப்போவது நினைவிருக்கும். அதுவும் இந்தக் குடும்பத்துக் கோளாறுதான்.)

ஆனால் கருவி மட்டும் டாலெக் ஆகாது. சாதாரணமாகப் பேசிய பேச்சை அதற்குள் விட்டால் வெறும் கரகரப்புத்தான் கிடைக்கும். அந்த அதிர்வு காதில் படவேண்டுமானால் உயிரொலி நீளவேண்டும். பீட்டர் ஹாக்கின்ஸ், டேவிட் கிரஹாம் இருவரும் அப்படி நீட்டி, ஒரே சுருதியில் நிறுத்தி, திடீரென வெறியேறப் பேசினார்கள். பயமுறுத்துவது அந்த வெறி. அது முழுக்க நடிகர்களுடையது. கருவிக்குக் கோபம் வராது.

2005இல் தொடர் திரும்பி வந்தபோது குரல் கொடுத்த நிக்கலஸ் பிரிக்ஸும் படப்பிடிப்புத் தளத்திலேயே, ரிங் மாடுலேட்டர் வழியாக, மற்ற நடிகர்களுக்கு நேரடியாகப் பதில் பேசினார்.