வழித்துணையாய் வந்த தமிழ்

திருமயிலையில் கடலோரத்தே நேமிநாதப் பெருமானுக்கு ஒரு ஜினாலயம் இருந்தது. கடல் நெருங்கி வந்தபோது, அன்பர்கள் பெருமானின் திருவுருவைத் திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூருக்கு எழுந்தருளச் செய்தனர் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. சாந்தோமில் கிடைத்த உடைந்த கல்வெட்டொன்று நேமிநாத சுவாமிக்கு அளித்த கொடையைக் குறிக்கின்றது. ஆலயம் இன்று இல்லை.

ஆலயம் மறைந்த பின்னும் அடியார்களை விட்டு அகலாதது பாட்டு. அவிரோதியாழ்வார் இப்பெருமான்மீது பாடிய திருநூற்றந்தாதியைக் குறிப்பிடுகின்றேன். ஒரு பாட்டின் ஈறே அடுத்த பாட்டின் தொடக்கமாவது அந்தாதி. ஆதலின் ஏட்டைக் கையில் எடாமலேயே தொடர்ந்து ஓதலாம். நினைவு தடுமாறினால் முந்தைய பாட்டே கைகொடுக்கும். முனிவரை நாள்தோறும் அணுக இயலாத இல்லறத்தார்க்கு, விடியற்பொழுதில் உடனிருந்து நெறிப்படுத்தும் ஆசானாக இந்த யாப்பே அமைந்துவிடுகின்றது.

இதே பெருமானின் பெயரைத்தான் களந்தைக் குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு இட்டார். எழுத்தும் சொல்லும் கூறும் நேமிநாதம் வெண்பாக்களால் ஆனது. தம் பாட்டியல் நூலுக்கோ ஆசிரியர் வச்சணந்தி முனிவரின் பெயரைச் சூட்டி, வச்சணந்தி மாலை என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த நான், நேமிநாதத்தைத் தேர்வுக்குரிய ஒரு நூற்பெயராகவே மாணவர்க்குச் சொல்லி வந்தேன். அது எவ்வூர்ப் பெருமானின் பெயர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மயிலையிலேயே பாடம் நடத்தியவன் இவ்வாறு இருந்தது இன்றும் உறுத்துகின்றது.

அறத்தைக் கட்டளையாக உரைக்காது, உடன் நடந்து உணர்த்துவது நம் துறவியரின் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் மதுரைக்குச் செல்லும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகின்றார். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும் என்கின்றார். வயல் வழியே சென்றாலோ, நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அத்துன்பம் பொறுத்தற்கரியது என்கின்றார். கொல்லாமை என்னும் பெரும் விரதம் முழுவதும் ஒரு பயணக் குறிப்பாக அங்கே வந்துவிடுகின்றது! கோவலன் இறந்தது கேட்டபின் அவ்வடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். துணை வருதல் என்பதன் பொருளை இளங்கோவடிகள் அவ்வளவு தொலைவு கொண்டு செல்கின்றார்.

இல்லங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்தில் சீவக சிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்த காலம். ஜைனர் இல்லமொன்று விழாக்கோலம் பூண்டிருக்கக் கண்டு காரணம் வினவினார். சிந்தாமணி படித்து நிறைவெய்திய நாள் என்றனர். தாம் பொருள் விளங்காமல் தவித்த காப்பியத்தை, ஒருவர் படிக்கப் பலர் அமர்ந்து கேட்டு, அதன் நிறைவை விழாவாகக் கொண்டாடும் குடும்பங்கள் அதே ஊரில் இருப்பதை அவர் அப்போது அறிந்தார். அவர்களோடு பழகியே சமய மரபுகளைத் தெளிந்தார். 1887இல் நூல் அச்சேறியது. காதலும் போரும் மிகுந்த காப்பியத்தை வீட்டில் எல்லோரும் கூடிப் படிப்பது தகுமா என்று கேட்போர் உண்டு. சீவகன் இறுதியில் துறவு பூணுகின்றான். அதுவரை கேட்போரும் அவனோடு நடந்தாக வேண்டும்.

ஐயர் தேடித் திரட்டிய ஏடுகள் இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்கும் நூல்நிலையத்தில் உள்ளன. படித்த இல்லங்களில்தான் அக்குரல் ஓய்ந்துவிட்டது. பணி ஓய்வுக்குப் பின் நானும் என் பேத்தியும் நாளுக்கு ஒரு பாட்டாகத் திருநூற்றந்தாதியை ஓதத் தொடங்கினோம். இருபத்துமூன்றாம் பாட்டுக்கு வந்திருக்கின்றோம். ஈற்றுச் சொல்லை நான் வேண்டுமென்றே விழுங்கிவிடுவேன். அடுத்த பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.