கூலிக்கு எழுதியவர்களும் எழுத்து வார்த்தவர்களும்

இணையதளம் அமைத்துத் தரும் தனித்தொழிலர், அதாவது எந்த நிறுவனத்திலும் நிரந்தரப் பணியில் சேராமல் ஒவ்வொரு வேலைக்கும் தனியே ஊதியம் பேசிக்கொள்பவர், கணினிக் காலத்தில் தோன்றிய புதிய மனிதராகவே கருதப்படுகிறார். ஆனால் பிறருடைய சொற்களைப் பலரும் படிக்கத்தக்க வடிவில் அமைத்துக் கொடுக்கும் தொழில் காவிரிப் படுகைக்குப் பழையது, அதில் தரங்கம்பாடிக்குத் தனியிடமும் உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனிஷ்காரர்கள் கைக்கு வந்த இத்துறைமுகத்தில் 1706 ஜூலையில் ஜெர்மானியக் கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கியபோது, இவ்வட்டாரத்தில் நூல் என்றால் பனையோலைச் சுவடிதான். ஓலையில் எழுத்தாணியால் கீறி, கீறலில் மை தடவிப் படியெடுக்கும் எழுத்தர்களைக் கூலிக்கு அமர்த்தியே அவர் சுவடிகளைச் சேர்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைக் குறிக்கும் அவருடைய 1708ஆம் ஆண்டுப் பட்டியல் அந்த எழுத்தர்களின் உழைப்பின் மேல் நிற்கிறது, எனினும் அவர்களில் பெரும்பாலோரின் பெயர் வரலாற்றில் தங்கவில்லை.

ஓலைத் தொழிலின் இடர், ஒவ்வொரு படிக்கும் முழு உழைப்பையும் மறுபடி செலவிட வேண்டியிருந்ததே. பல பள்ளிகளுக்குப் பாடநூல் தர வேண்டிய அவருடைய மிஷனுக்கு அது கட்டுப்படியாகவில்லை. இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சு இயந்திரம் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மீண்டு 1712இல் வந்து சேர்ந்தது. அதோடு புறப்பட்ட அச்சர் கடலிலேயே இறந்துபோனதால், டேனிஷ் கம்பெனிப் படையில் இருந்த அச்சுத் தொழில் தெரிந்த ஜெர்மானியச் சிப்பாய் ஒருவரே அதை முதலில் இயக்கினார்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டிய தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன, ஆனால் அவை மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கின, காகிதமோ கடல் கடந்து வர வேண்டிய அருஞ்சரக்கு. இந்நிலையில்தான் ஆட்லர் என்னும் அச்சர் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். அதற்கு வேண்டிய ஈயம், இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டியின் உறைகளை உருக்கிப் பெற்றது எனப்படுகிறது. எழுத்து சிறுத்ததால் காகிதம் மிஞ்சியது, சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன, மறு ஆண்டு புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. அருகிலுள்ள பொறையாறில் எழுத்து வார்ப்பகமும் காகித ஆலையும் தொடங்கின. இறையியலைவிட இந்த உலோக வேலையே தமிழ் அச்சுக்குத் தரங்கம்பாடி தந்த பெருங்கொடை என்று சொல்வது மிகையாகாது. கையில் இருப்பதைக் கொண்டு கருவியைத் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கமே தொழிலரின் அடையாளம்.

இதே தஞ்சைக் கடற்கரையில், தெற்கே அதிராம்பட்டினத்தில் பிறந்த உமர் தம்பி (1953–2006) இப்பழக்கத்தைக் கணினியில் தொடர்ந்தார். மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் தொடங்கி, துபாயில் பணியாற்றிய காலத்தில் நிரலாக்கத்தைத் தாமே கற்றவர் இவர். அப்போது தமிழ் இணையதளம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை, அதாவது திரையில் எழுத்துக்கு வடிவம் தரும் கோப்பை, பயன்படுத்தியது. அதை முன்கூட்டியே நிறுவியிராத கணினியில் தமிழ்ப் பக்கம் குறிகளின் குவியலாகவே தெரிந்தது. எல்லா மொழிக்கும் பொதுவான ஒருங்குறி முறை வந்த பின்னும் பழைய கணினிகளில் இக்குறை தீரவில்லை. பக்கத்தோடு சேர்ந்தே இறங்கி வாசகரின் கணினியில் தானே இயங்கும் 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துருவை அவர் இதற்காக உருவாக்கினார்; பழைய குறியாக்கத்தில் தட்டெழுதியதை ஒருங்குறிக்கு மாற்றும் செயலியும் எழுதினார். இவற்றுக்கு அவர் விலை வைக்கவில்லை. தமிழில் தளம் அமைக்க முனைந்த எவரும் தேனீயை எடுத்துத் தம் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள முடிந்தது.