உட்ஃபோர்ட் சதுக்கத்தில் ஒரு வரலாற்றுப் பேருரை

டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள பொதுப் பூங்கா உட்ஃபோர்ட் சதுக்கம். வரலாற்றறிஞர் எரிக் வில்லியம்ஸ் 1955 முதல் அங்கே ஆற்றிய உரைகளால், 'உட்ஃபோர்ட் சதுக்கப் பல்கலைக்கழகம்' என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. 1961 மார்ச் 22 அன்று, 'எசமான் காலம் முடிந்தது' என்று பொருள்படும் 'மாசா டே டன்' உரையை அவர் அங்கேதான் நிகழ்த்தினார். தோட்ட அடிமை முறையின் வரலாற்றைப் பாமர மக்கள் முன் வைத்த தலையாய உரை அது.

மாசா என்பவர் தோட்ட முதலாளி. பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்துகொண்டே கரும்பின் வருமானத்தை உண்டவர். வெள்ளையர் எல்லாரும் மாசா அல்லர், மாசாக்கள் எல்லாரும் வெள்ளையரும் அல்லர் என்று வில்லியம்ஸ் தெளிவுபடுத்தினார்.

அந்த வருமானம் வந்த வழி கொடியது. வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் ஓடியது. தூக்கக் கலக்கத்தில் ஆலைக்குக் கரும்பு கொடுக்கும் அடிமையின் கை உருளைகளுக்கிடையே சிக்கினால், உயிரைக் காக்கக் கையையே வெட்டுவதற்கென்று அருகில் கோடரி வைத்திருந்த ஆலைகள் உண்டு.

இனவெறியிலிருந்து அடிமை முறை பிறக்கவில்லை, அடிமை முறையே இனவெறியைப் பெற்றெடுத்தது என்பது 1944இல் வெளிவந்த 'முதலாளித்துவமும் அடிமை முறையும்' நூலில் வில்லியம்ஸ் நிறுவிய கருத்து. அடிமை வணிகத்தின் இலாபம் பிரிட்டனின் தொழிற்புரட்சிக்கு உரமிட்டது என்றும் அவர் வாதிட்டார். அந்த இலாபத்தின் அளவு குறித்துப் பின்வந்தோர் மாறுபட்டாலும், அவர் எழுப்பிய கேள்வியைத் தவிர்த்து எவராலும் இவ்வரலாற்றை எழுத முடிவதில்லை.

1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளை விடுவித்தபோது, பிரிட்டன் 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. அத்தனையும் முதலாளிகளுக்கே சென்றது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 1838 வரை 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் அதே தோட்டங்களில் கட்டாய உழைப்புதான் கிடைத்தது. இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் 2015இல்தான் முழுமையாகத் தீர்ந்தது.

அடிமை முறை ஒழிந்தபின், தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பலேற்றப்பட்டனர். 1845இல் முதல் கப்பல் டிரினிடாட் சேர்ந்தது. கல்கத்தா வழியே பெரும்பாலோரும், சென்னைத் துறைமுகம் வழியே ஒரு பகுதியினரும் சென்றனர். கரும்புக் காடுகளில் நம்மவர் சிந்திய கண்ணீரை அறிந்த நாம், அதே மண்ணில் நமக்கு முன் உழைத்து மடிந்த ஆப்பிரிக்கர்களின் வரலாற்றையும் அறிந்தாக வேண்டும். இரண்டும் ஒரே முதலாளித்துவக் கணக்கின் அடுத்தடுத்த பக்கங்கள். தமிழக வரலாற்று மன்றங்கள் இதனை வகுப்பறைக்கு வெளியே, பொதுமேடைகளில் தமிழில் பேச முன்வர வேண்டும்.