மதிலை உடைத்து வீதி கண்ட மதுரை

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசி என ஒன்றைச் சுற்றி ஒன்றாக விரியும் சதுர வீதிகளே மதுரையின் பழைய நகரமைப்பாகும். மாசி வீதிக்கு அப்பால் வருகின்ற மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி ஆகியவை மட்டும் மாதப் பெயர் தாங்கி நிற்கவில்லை. ஏனெனில் அவை தேரும் திருவிழாவும் வகுத்த வீதிகள் அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெருங்கோட்டை தரைமட்டமான இடத்தில் எழுந்தவை.

பாண்டியர் காலக் கோட்டை அளவிற் சிறியது. கோயிலுக்குக் கிழக்கே இன்றும் நிற்கும் விட்டவாசல் அதன் கீழ்த்திசை வாயிலின் எச்சமாகக் கருதப்படுகிறது. 1529இல் ஆட்சிக்கு வந்த விசுவநாத நாயக்கர் அப்பழைய அரணை அகற்றி, இரட்டை மதிலும் அகழியும் கொண்ட புதிய கோட்டையை நகரைச் சுற்றி எழுப்பினார். மதிலிலிருந்து வெளியே துருத்தி நின்று, நெருங்கி வரும் பகைவரைப் பக்கவாட்டில் தாக்க உதவும் அமைப்பு கொத்தளம் எனப்படும். இக்கோட்டையில் அத்தகைய கொத்தளங்கள் 72 இருந்தன என்றும், ஒவ்வொன்றின் காவலும் ஒரு பாளையக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்றும் மரபு கூறுகிறது.

அந்த மதிலின் வலிமை முழுமையாகச் சோதிக்கப்பட்டது 1763, 1764ஆம் ஆண்டுகளில் நடந்த முற்றுகையின்போதுதான். மருதநாயகம் என்று அறியப்படும் கான் சாகிப் யூசுப்கான், ஆர்க்காட்டு நவாபையும் ஆங்கிலக் கம்பெனியையும் எதிர்த்து இக்கோட்டைக்குள் இருந்தபடியே போரிட்டார். முதலாண்டு முற்றுகை மழைக்காலத்தில் கைவிடப்பட்டது. 1764 ஜூன் மாதத் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. இறுதியில் உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். பீரங்கிகளால் வெல்ல முடியாத கோட்டை துரோகத்தால்தான் வீழ்ந்தது.

1801இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து, அதே ஆண்டு கர்நாடகப் பகுதியின் ஆட்சி உடன்படிக்கையின் வழியே கம்பெனியின் கைக்கு வந்தபின், இந்த மதிலுக்குக் காவற்பணி இல்லாமற்போயிற்று. பெருகி வந்த மக்கள் மதிலுக்குள் நெருக்கியடித்து வாழ வேண்டியிருந்தது. நகரம் வளர இடம் தேடிய திசைகளிலெல்லாம் மதிலும் அகழியுமே குறுக்கே நின்றன. இந்நிலையில் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன் 1837இல் கோட்டையை அகற்றும் பணியைத் தொடங்கினார். அவர் கையாண்ட முறை எளியது. மதிலின் ஒரு பகுதியை இடித்துச் சமன் செய்து தருவோருக்கு அந்நிலமே வீடு கட்டிக்கொள்ள வழங்கப்பட்டது. இடிபாட்டு மண்ணும் கல்லும் அகழியைத் தூர்க்கப் பயன்பட்டன. இவ்வாறு இடிபட்ட அரணே புதிய வீதிகளுக்கு அடித்தளமாயிற்று.

இப்பணியில் நிலத்தை அளந்து வகுத்த நில அளவையாளர் மாரட்டின் பெயரையும், வேலையாட்களை நடத்திச் சென்ற பெருமாள் மேஸ்திரியின் பெயரையும் உட்புற வீதிகள் ஏற்றன. கோட்டைக்குப் புறத்தே அமைந்தவை வெளி வீதிகள் ஆயின. மேஸ்திரி என்பவர் கூலியாட்களைத் திரட்டி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, முடியும்வரை கண்காணிப்பவர். அரசருக்கும் தளவாய்க்கும் கல்வெட்டு எழுதிய நாட்டில், உழைப்பாளரோடு நின்று வேலை வாங்கிய ஒருவரின் பெயர் நகரின் முதன்மை வீதிகளில் நிலைத்தது பெருமைக்குரியது. பிளாக்பர்னுக்கு நன்றியாக நகரத்தார் ஒரு விளக்குத்தூணை நாட்டினர். அதைச் சுற்றியுள்ள பகுதி இன்றும் விளக்குத்தூண் என்றே வழங்குகிறது.

வியன்னா நகரின் மதிலை அகற்ற ஆஸ்திரியப் பேரரசர் 1857இல் ஆணையிட்டு, அவ்விடத்தில் வட்டச் சாலை அமைத்ததை ஐரோப்பிய நகரமைப்பு வரலாறு பெரிதாகப் போற்றுகிறது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே மதுரை தன் மதிலை வீதியாக்கத் தொடங்கிவிட்டது. புதிய வீதிகள் மதில் சென்ற வழியையே பின்பற்றியதால் கோயிலை மையமாகக் கொண்ட பழைய சதுர அமைப்பு சிதையவில்லை. மாறாக, மேலும் சில சுற்றுகள் விரிந்தது. மதுரையின் தனிச்சிறப்பு இதுவே.

கீழவாசல், தெற்குவாசல் என்ற பெயர்கள் நிலைத்திருக்க, அவ்வாயில்கள் மறைந்துவிட்டன. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே, மேல்புறத்து மதிலின் கொத்தளம் ஒன்று மட்டும் கடைகளுக்கும் வாகன இரைச்சலுக்கும் நடுவே எஞ்சியுள்ளது. நாள்தோறும் அதைக் கடந்து செல்லும் மக்களுக்கு அதன் வரலாற்றை எடுத்துரைப்பதும், அதை மேலும் சிதையாமல் காப்பதும் இந்நகரின் கடமையாகும். மதில் நீங்கிய மேற்குத் திசையில் 1875இல் ரயில் வந்து சேர்ந்து, நகரின் வாணிகத்தையே திசை திருப்பிய வரலாறு அடுத்த இதழில் இடம்பெறும்.