சிமென்ட் மில்லுக்குள் போன மாட்டுக் கொழுப்பு

இன்னைக்கு கடையில வாங்குற சிமென்ட் மூட்டையில் பெரும்பாலும் பிபிசி என்று போட்டிருக்கும். கிளிங்கரோட அனல்மின் நிலையச் சாம்பலை (ஃப்ளை ஆஷ்) சேர்த்துச் செய்தது. ஐஎஸ் 1489 தரப்படி 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். இது பலருக்கும் தெரியும். ஆனா அரைக்கும்போது டன்னுக்குச் சில நூறு கிராம் அளவில் ஊத்துற ஒரு திரவம் இருக்கு. கிரைண்டிங் எய்டு, அதாவது அரவை உதவி ரசாயனம். அதோட கதைதான் இது.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம். ஒரு டன் சிமென்ட் அரைக்கச் சுமார் 30-40 யூனிட் மின்சாரம் ஆகும். அதில் மிகச் சின்னப் பங்குதான் உண்மையில் துகளை உடைக்கப் பயன்படுது, மிச்சம் பெரும்பாலும் சூடாப் போயிடும். கிளிங்கர் உடையும்போது புது முகங்களில் மின்னேற்றம் தனிச்சு நிற்கும். அதனால உடைஞ்ச தூள் மறுபடி ஒட்டிக்கும், இரும்புக் குண்டுகள் மேலயும் பூச்சு மாதிரிப் படியும். அதுக்கப்புறம் குண்டு எவ்வளவு அடிச்சாலும் மெத்தையில் அடிச்ச மாதிரிதான். அந்த முகங்களில் போய் உட்கார்ந்து, ஒட்டவிடாமல் தடுப்பதுதான் இந்த ரசாயனத்தின் வேலை.

1930களில் அமெரிக்க ஆலைகள் இதுக்கு என்னென்னவோ போட்டுப் பார்த்தாங்க. அதில் ஒண்ணு மாட்டுக் கொழுப்பு! அந்தச் சமயத்துல நியூயார்க் மாநிலத்தில் ஒரு புதிர் கிளம்புச்சு. குளிர்காலத்தில் கான்கிரீட் சாலைகள் மேல்தோல் உரிஞ்சு பாழாகும். தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் இல்லையா, அதனால. ஆனா சில சாலைப் பகுதிகள் மட்டும் நல்லாவே இருந்தது. ஏன்னு தேடிப் போனால், கொழுப்பு சேர்த்து அரைச்ச சிமென்ட். அந்தக் கொழுப்பு கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தது. உறையும் தண்ணிக்கு விலகிப் போக அந்தக் குமிழிகள் இடம் கொடுத்தன. குளிர்நாடுகளில் இன்னைக்கும் கான்கிரீட்டில் வேணும்னே காற்றுக் குமிழி சேர்க்கிறாங்களே, அந்த நுட்பம் பிறந்தது இப்படித்தான்.

இதுல ஒரு திருப்பமும் உண்டு. சாம்பலில் எரியாத கரி கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்தக் கரி குமிழி உண்டாக்கும் ரசாயனத்தை உறிஞ்சிக்கும். ஆக, சாம்பல் வந்ததும் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியதாச்சு.

அதே 1930களில் டூயி அண்ட் ஆல்மி என்ற மாசசூசெட்ஸ் கம்பெனி, ட்ரைஎத்தனாலமைனை வச்சு ஒரு அரவை ரசாயனம் கொண்டு வந்தது. 1954இல் அந்தக் கம்பெனியை கிரேஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கிரேஸில் இருந்த கார்ட்னரும் மையர்ஸும் 1993இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. ட்ரைஐசோப்ரோப்பனாலமைன் (டிஐபிஏ) என்ற நெருங்கிய உறவுக்கார ரசாயனம் அரவைக்கு உதவுறதோட நிற்கலை. சிமென்ட்டில் இருக்கும் இரும்புச் சேர்மத்தைத் தண்ணியோடு வேகமாக வினைபுரிய வைத்து, 28 நாள் வலிமையையும் ஏத்துது என்பதுதான் அதன் சாரம்.

சாம்பல் சிமென்ட்டுக்கு இது ஏன் முக்கியம்? சாம்பல் தானாக இறுகாது. கிளிங்கர் வினையில் வெளிவரும் சுண்ணாம்போடு மெதுவாகச் சேர்ந்துதான் வலிமை தரும். அதனால பிபிசி முதல் சில நாட்களில் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழி: இன்னும் நைசாக அரைப்பது, கிளிங்கர் வினையைத் தூண்டுவது. இந்த அமைன்கள் இரண்டையுமே செய்யும். அளவு மீறினாலோ, தூள் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு சரியாக அரைபடுறதுக்கு முன்னாடியே மில்லை விட்டு வெளியே ஓடிடும்.

இங்கதான் வீடு கட்டுறவங்க கவனிக்கணும். ஆலையின் கியூப் டெஸ்டில் தெரியும் வலிமையில் ஒரு பங்கு, தூண்டிவிட்ட கிளிங்கருடையது. சாம்பல் தன் பங்கைத் தர வாரக்கணக்கில் ஈரம் வேணும். சோதனைக்கூடத்தில் கியூப் தண்ணித் தொட்டியிலேயே கிடக்கும். உங்க மொட்டைமாடி அப்படியில்லை. ஐஎஸ் 456 சாதா சிமென்ட்டுக்கு 7 நாள், சாம்பல் சேர்ந்த சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் கியூரிங் சொல்லுது, அதை 14 நாளாக நீட்டவும் பரிந்துரைக்குது. "நல்லா இறுகிடுச்சு சார், ஏழு நாள் போதும்" என்று கொத்தனார் சொல்வார். அவர் பார்ப்பது கிளிங்கரின் வேலையை. சாம்பல் அப்பத்தான் ஆரம்பிச்சிருக்கும்.

மென்பொருள் துறையில் சைடு எஃபெக்ட் என்றாலே பயம்தான். சிமென்ட் வரலாற்றிலோ மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட பொருள்கள் சாலையைக் காப்பாத்தின, வலிமையையும் ஏத்தின. யாரோ ஒருத்தர் நல்லா இருந்த சாலையையும் விசாரிச்சதால்தான் நமக்கு அது தெரியவந்தது. கெட்டுப்போனதை மட்டும் ஆராய்ந்திருந்தால், அந்த மாட்டுக் கொழுப்பு யார் கண்ணிலும் பட்டிருக்காது.