உறங்குபவர் அறியாத நோய்: மூச்சுத்தடையும் முகமூடியும்

2022 பிப்ரவரி 15 அன்று இரவு, இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹரி மும்பையில் காலமானார். அவருக்கு வயது 69. இறப்புக்குக் காரணமாக மருத்துவர்கள் குறிப்பிட்டது ‘அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா’, அதாவது உறக்கத்தில் மேல்மூச்சுவழி அடைபடும் நோய். அடுத்த சில நாள்களுக்கு அந்நோய் யாது என்று விளக்கும் கட்டுரைகள் இந்திய நாளிதழ்களில் வந்தவண்ணம் இருந்தன. குறட்டை எல்லாருக்கும் தெரிந்ததே. அக்குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவது தனியொரு நோய் என்பது வாசகர் பலருக்கும் அன்றுதான் தெரியவந்தது.

இந்நோய் இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு அதன் இயல்பே முதற்காரணம். மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்களின் தாங்கல் உண்டு. அதற்கு மேலுள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய தாங்கல் இல்லை; விழித்திருக்கையில் தசைகளின் இறுக்கமே அதைத் திறந்து வைத்திருக்கிறது. உறக்கத்தில் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாவும் மென்னண்ணமும் பின்சரிந்து வழியை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு மூச்சிழுக்க முயல்கிறது, காற்று உட்செல்வதில்லை. குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை ஒரு கணம் விழிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, பெருங்குறட்டையுடன் மூச்சு மீள்கிறது. கடுமையான நோயாளிக்கு இச்சுழற்சி மணிக்கு முப்பது முறைக்கு மேலும் நிகழும். ஆனால் அந்தக் கண நேர விழிப்புகள் நினைவில் தங்குவதில்லை. காலையில் எழும் நோயாளி அறிவது தலைவலியையும் தீராத சோர்வையும் மட்டுமே.

ஆகவே, தம் நோய்க்குத் தாமே சாட்சி சொல்ல இயலாதவர் இந்நோயாளி. அவருக்காக யார் சாட்சி சொன்னார்கள், அச்சாட்சியை யார் நம்பினார்கள் என்பதைப் பின்தொடர்வதே இந்நோயின் வரலாற்றைப் படிப்பதற்குரிய வழி.

முதற்சாட்சி உடன் உறங்குபவர். அவருடைய சாட்சி நெடுங்காலம் மருத்துவத்திற்குள் நுழையவில்லை, நகைச்சுவையாகவே நின்றுவிட்டது. இந்தியாவில் மிகுதியாக உறங்குபவருக்குக் கும்பகர்ணன் என்னும் பட்டப்பெயர் எளிதில் வாய்த்துவிடுகிறது. இங்கிலாந்தில் அந்த இடத்தைப் பெற்றவன், சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37இல் தொடராக வெளியிட்ட ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலின் ஜோ என்னும் பருத்த பையன். நின்றபடியும் ஏவல் செய்துகொண்டும் உறங்கிவிடும் அவன் வாசகரைச் சிரிக்கவைத்தான். மருத்துவர்களின் பதிவுகளும் இல்லாமல் இல்லை. 1877இல் லண்டன் மருத்துவர் வில்லியம் பிராட்பென்ட், முதியோர் மல்லாந்து உறங்கும்போது மூச்சு தடைபட்டு மீள்வதைத் தெளிவாக விவரித்தார். 1889இல் வில்லியம் ஹில், மூக்கும் தொண்டையும் அடைபட்டதால் இரவில் சரிவர மூச்சுவிட இயலாத பிள்ளைகள் பள்ளியில் மந்தமானவர்கள் என்று தள்ளப்படுவதைச் சுட்டிக்காட்டினார். இவை உதிரிக் குறிப்புகளாகவே நின்றன.

1956இல் சிட்னி பர்வெல் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய உடன்பணியாளர்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அந்நோயாளி பருத்த உடல்கொண்ட வணிகர். போக்கர் ஆட்டத்தில் வெல்லக்கூடிய சீட்டுகள் கைக்கு வந்திருந்தும், அவற்றை இறக்காமல் உறங்கிவிட்டார். அதன் பின்னரே மருத்துவமனைக்கு வந்தார். கட்டுரையாளர்கள் டிக்கன்ஸின் ஜோவை நினைவுகூர்ந்து இந்நிலைக்குப் ‘பிக்விக் நோய்க்குறித்தொகுதி’ என்று பெயரிட்டனர். பகலுறக்கத்திற்குக் காரணமாக அவர்கள் சுட்டியது, போதிய மூச்சோட்டமின்மையால் உடலில் கார்பன்-டை-ஆக்சைடு தேங்குவதை. அந்த விளக்கத்தில் இரவு உறக்கத்துக்கு இடமில்லை.

பெயர் இங்கே இரு தீங்குகளைச் செய்தது. நோயைப் பகலுறக்கத்தோடு கட்டியது ஒன்று. பருத்த உடலோடு கட்டியது மற்றொன்று. ஒல்லியானவர்க்கும், தாடை பின்னொதுங்கியவர்க்கும், தொண்டைச் சதை வளர்ந்த குழந்தைகளுக்கும் இதே தடை நேரலாம் என்னும் எண்ணத்தை அப்பெயர் எளிதாக்கவில்லை. நோயாளியைக் கேலிக்குரியவராகக் காணும் வழக்கமும் அதனூடாகவே மருத்துவ நூல்களில் நீடித்தது.

இரண்டாம் சாட்சி கருவி. 1965இல் பிரான்சின் மார்சேயில் ஆன்றி காஸ்டோ, தசினாரி, துய்ரோன் ஆகியோரும், ஜெர்மனியின் ஃபிரைபுர்கில் யூங், கூலோ ஆகியோரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். பிக்விக் நோயாளிகள் உறங்கும்போதே மூளையலைகளையும் மூச்சையும் ஒருசேரப் பதிவுசெய்தபோது, இரவு முழுவதும் மூச்சு நின்று நின்று வருவது தாளில் கோடுகளாகப் பதிந்தது. இந்தக் கண்டுபிடிப்பு நுரையீரல் மருத்துவத்திலிருந்து வரவில்லை. மூளையலைகளை ஆராய்ந்த நரம்பியலாளரிடமிருந்து வந்தது. நோயாளியை இரவில் கண்காணிக்கும் பழக்கம் அவர்களுக்கே இருந்தது. 1972இல் இத்தாலியின் ரிமினி நகரில் எலியோ லுகரேசி குழுவினர் இப்பொருள் பற்றி ஒரு பன்னாட்டுக் கூட்டம் நடத்தினர். மூச்சு நிற்கும்போதெல்லாம் குருதியழுத்தம் ஏறுவதை அவர்கள் காட்டியிருந்தனர். பின்னர், பிரான்சிலிருந்து ஸ்டான்ஃபோர்டு சென்ற கிறிஸ்தியன் கில்லெமினோ, 1976இல் தம் உடன்பணியாளர்களுடன் எழுதிய கட்டுரை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்னும் பெயரை நிலைநிறுத்தியது. ‘மூச்சின்மை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த இப்பெயரில் உடற்பருமனும் இல்லை, கேலியும் இல்லை. அதே ஆண்டில் குழந்தைகளிடம் காணப்படும் இந்நோய் பற்றியும் அவர் எழுதினார்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது. மருத்துவம் கொடுமையாகவே இருந்தது. 1969இல் ஜெர்மனியில் கூலோவும் பிறரும் மேற்கொண்ட வழி, கழுத்தில் துளையிட்டு அடைப்புக்குக் கீழே மூச்சுவிடச் செய்வது. பகலில் துளையை மூடி இரவில் திறந்து கொள்ளலாம். உயிரைக் காக்கும் அறுவைதான். ஆனால் நோயாளி தொற்றுக்கும் சளிக்கும் பிறர் பார்வைக்கும் நாள்தோறும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. கடும்நோயாளிகளிலும் பலர் அதை மறுத்ததில் வியப்பில்லை.

அவ்வாறு மறுத்த ஒருவரிடமிருந்தே அடுத்த கட்டம் தொடங்கியது. கனடாவின் டொராண்டோவில் உறங்கும் நாய்களின் மூச்சுக் கட்டுப்பாட்டை ஆராய்ந்துவிட்டு ஆஸ்திரேலியா திரும்பியிருந்தார் காலின் சல்லிவன். அந்த ஆய்வுக்காக நாய்களின் முகவாய்க்குப் பொருந்தும் மூடிகளைச் செய்து பழகியிருந்தார். தொடர் நேர்மறைக் காற்றழுத்தம் என்னும் முறையும் புதிதன்று. 1971இல் ஜார்ஜ் கிரிகரி, நுரையீரல் முதிராத பச்சிளங்குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்தியிருந்தார். சல்லிவன் இவ்விரண்டையும் இணைத்தார். மூக்கு வழியாகச் சற்றே அழுத்தமான காற்றைச் செலுத்தினால், அக்காற்றே தொண்டைக்கு உள்ளிருந்து தாங்கலாக நிற்கும் என்பது அவர் கருத்து. 1980 ஜூனில் சிட்னியில், துளையிடும் அறுவையை ஏற்க மறுத்த ஒரு தொழிலாளி இச்சோதனைக்கு இசைந்தார். அழுத்தம் ஏறியதும் அடைப்பு நீங்கியது, குறைத்ததும் மீண்டது, ஏற்றியதும் மறுபடி நீங்கியது.

1981 ஏப்ரலில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த கட்டுரை ஐந்து நோயாளிகளின் கதையைச் சொன்னது. தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம்; மிகுந்த அளவே வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். கத்தி தேவையில்லை, மருந்து தேவையில்லை, மென்காற்றே போதும். இன்று ‘சி-பேப்’ எனப்படும் கருவியின் பிறப்பு இதுவே.

ஆயினும் இம்மருத்துவம் நோயாளியிடம் வேறொன்றைக் கேட்டது. அறுவை ஒருமுறை நிகழ்வது. முகமூடியோ வாழ்நாள் முழுவதும் ஒவ்வோர் இரவும் அணிய வேண்டியது. கழற்றிய இரவில் நோய் திரும்பிவிடும். தொடக்கக் காலப் பயனாளர்களின் மூக்கைச் சாந்தில் வார்ப்பெடுத்துக் கண்ணாடியிழையில் மூடி செய்தனர். இரவுதோறும் சிலிக்கோன் பசையால் அதை முகத்தில் ஒட்டி, காலையில் உரித்தெடுக்க வேண்டும். காற்றை ஊதியது வேக்குவம் கிளீனர் வகை மோட்டார். அதன் இரைச்சல் குறட்டைக்கு இளைத்ததன்று. அப்படியிருந்தும் அவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினர். பகல் வெளிச்சத்தில் விழித்திருப்பது எத்தகையது என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின் அறிந்தவர்கள் அவர்கள்.

பின்வந்த ஒவ்வொரு மாற்றத்தையும் அத்தகையோரின் குறைகளுக்கான மறுமொழியாகவே வாசிக்கலாம். பசைக்கு மாற்றாக மென்சிலிக்கோன் விளிம்பும் வார்ப்பட்டையும் வந்தன. மூக்கெலும்பில் புண் வந்தவருக்கும், முகம் மூடினால் அச்சம் கொள்பவருக்கும் நாசித்துளைகளில் மட்டும் பொருந்தும் சிறு திண்டுகள் வந்தன. வாய்வழி மூச்சுவிடுபவருக்கு வாயையும் சேர்த்து மூடும் மூடி, தொண்டை வறண்டவருக்குச் சூடான ஈரப்பதமூட்டி, அழுத்தத்தை எதிர்த்து மூச்சுவிட முடியாதவருக்கு வெளிமூச்சின்போது அழுத்தம் குறையும் அமைப்பு, இரவில் மாறும் தேவைக்கேற்பத் தானே அழுத்தத்தைத் திருத்திக்கொள்ளும் கருவி என வரிசை நீண்டது. முகமூடியின் வடிவமைப்பாளர் பட்டியலில் பெயரில்லாத பயனாளர்களுக்கும் இடம் உண்டு.

மூன்றாம் சாட்சி இக்கருவிக்குள்ளேயே வந்து அமர்ந்தது. 1993இல் அமெரிக்காவில் கிரிப்ஸ் குழுவினர், 35 நோயாளிகளின் கருவிகளில் அவர்கள் அறியாவண்ணம் நேரப்பதிவான்களைப் பொருத்தினர். இரவுதோறும் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 60 விழுக்காடு. 70 விழுக்காடு நாள்களில் குறைந்தது நான்கு மணிநேரம் பயன்படுத்தியவர்களோ 46 விழுக்காடே. நோயாளியின் சொல் ஐயத்துக்குரியதாயிற்று. ‘நான்கு மணிநேரம், 70 விழுக்காடு’ என்பது அந்த ஆய்வாளர்கள் தம் பகுப்பாய்வுக்காக வகுத்துக்கொண்ட வரையறை. 2008இல் அதே அளவு, அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு கருவிச் செலவைத் தொடர்ந்து ஏற்பதற்கான நிபந்தனையாக அமைந்தது. ஆனால் 2007இல் டெர்ரி வீவர் குழுவினர் காட்டியபடி, ஒரே எல்லை எல்லாப் பயன்களுக்கும் பொருந்துவதில்லை. உணரப்படும் உறக்கக்கலக்கம் தணிய நான்கு மணிநேரம் போதுமாயின், அன்றாடச் செயலாற்றல் இயல்புக்கு வர ஏழு மணிநேரத்துக்கும் மேல் வேண்டியிருந்தது. காப்பீட்டுக்குப் போதிய இரவு, உடலுக்குப் போதிய இரவாகாது.

இவ்விடத்தில் ஒரு சொல்மாற்றம் கவனத்துக்குரியது. இப்பயன்பாட்டைக் குறிக்க முதலில் வழங்கிய சொல் ‘கம்ப்ளையன்ஸ்’. கட்டளைக்குக் கீழ்ப்படிதல் என்பது அதன் உட்பொருள். ‘அட்ஹெரன்ஸ்’ என்பதை வலியுறுத்திய உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, நோயாளியின் உடன்பாடு இருப்பதே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு என்றது. சொல் மாறிய வேகத்தில் நடைமுறை மாறவில்லை. பதிவுச் சில்லு எத்தனை மணிநேரம் என்று சொல்லும். ஏன் கழற்றினார் என்று சொல்லாது. காற்றுக் கசிந்து கண் எரிந்ததா, மூச்சு முட்டும் அச்சமா, மின்தடையா, துணையின் முன் அணியக் கூச்சமா என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். 2016இல் வெளியான ‘சேவ்’ ஆய்வு, இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில், ஏற்கெனவே இதய அல்லது மூளைக்குருதிநாள நோயுள்ள 2,717 பேரைப் பின்தொடர்ந்தது. கருவி பகலுறக்கத்தையும் மனநிலையையும் மேம்படுத்தியது. புதிய மாரடைப்பு, பக்கவாத நிகழ்வுகளைக் குறைக்கவில்லை. சராசரிப் பயன்பாடு இரவுக்கு 3.3 மணிநேரமே. அம்முடிவு கருவியின் எல்லையைக் காட்டுகிறதா, குறைந்த பயன்பாட்டைக் காட்டுகிறதா என்னும் விவாதம் தொடர்கிறது.

சாட்சி இல்லாதவர்களின் வரலாறு இன்னும் மெலிந்தது. 1993இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வு, நடுவயது ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 9 விழுக்காட்டினருக்கும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதைக் கண்டது. அதுவரை மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிலோ ஆண்களின் பங்கு இதைவிடப் பன்மடங்கு மிகுதி. கணவரின் குறட்டையை மனைவி மருத்துவரிடம் சொல்கிறார்; மனைவியின் சோர்வோ வீட்டுவேலையின் விளைவாகவே எண்ணப்படுகிறது. இந்தியாவில் பரவலாக மேற்கோள் காட்டப்படும் தொடக்க ஆய்வுகளுள் ஒன்று, 2004இல் உத்வாடியா குழுவினர் மும்பையில் நடத்தியது. அறிகுறிகளோடு கூடிய நோய் 7.5 விழுக்காட்டினருக்கு இருப்பதை அது கண்டது. ஆய்வுக்கு உட்பட்டோர் அனைவரும் நடுவயது நகர்ப்புற ஆண்கள்.

கருவியையே நம்பி உறங்குவோரின் நிலை 2021 ஜூனில் வெளிப்பட்டது. இரைச்சலைக் குறைப்பதற்காகப் பொருத்தப்பட்ட நுரைப்பொருள் சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் என்பதால், பிலிப்ஸ் நிறுவனம் பல இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அணிந்தால் துகள்களின் அச்சம், அணியாவிட்டால் மூச்சு நிற்கும் அச்சம். மாற்றுக்கருவி வரும்வரை அம்முடிவைப் பலர் இரவுதோறும் எடுக்க வேண்டியிருந்தது.

உடன் உறங்குபவரின் சொல்லை மருத்துவம் நூறாண்டுகள் கேலியாக ஒதுக்கியது. பின் கருவியின் கோட்டை நம்பியது. பின் கருவியின் எண்ணை நம்பி, நோயாளியின் சொல்லை ஒதுக்கியது. மூச்சு நின்றதா என்பதற்கு உறங்குபவர் சாட்சியாக முடியாது. முகமூடியுடன் வாழ்வது எத்தகையது என்பதற்கு அவரன்றி வேறு சாட்சி இல்லை. மருத்துவக் குறிப்பேட்டில் மணிநேரக் கணக்கு எழுதப்படும் இடத்துக்கு அருகில், முகமூடியை ஏன் கழற்றினார் என்பதை அவர் சொற்களிலேயே எழுதவும் ஒரு வரி இருக்க வேண்டும்.